ஏ.ஜி. ஆபீஸ் நாடகக்காரர்

2014 டிசம்பர் 23 அன்று கே. பாலசந்தர் மறைந்த செய்தி நியூ ஜெர்சிக்கு வந்தபோது நண்பர்கள் எல்லோரும் சினிமாவைத்தான் பேசினார்கள். ரஜினி, கமல், ‘அபூர்வ ராகங்கள்’, ‘சிந்து பைரவி’, தாதாசாகேப் பால்கே விருது. எனக்கு நினைவில் வந்தவர் அந்த இயக்குநருக்கு முந்தைய பாலசந்தர். பகலெல்லாம் கோப்பு பார்த்துவிட்டு, சாயங்காலம் ஒத்திகைக்கு ஓடிய அரசாங்க குமாஸ்தா.

நன்னிலம் பக்கத்தில் நல்லமாங்குடி அவருக்குச் சொந்த ஊர். 1930ல் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துவிட்டு, முத்துப்பேட்டையில் கொஞ்ச காலம் வாத்தியாராக இருந்தார். 1950ல் சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் சேர்ந்தார். ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘சர்வர் சுந்தரம்’, ‘நீர்க்குமிழி’ எல்லாம் அந்த வேலையில் இருந்துகொண்டே எழுதி மேடையேற்றிய நாடகங்கள். அவரோடு நடித்த நாகேஷும் ரயில்வேயில் வேலை பார்த்தவர். ‘மேஜர் சந்திரகாந்த்’தில் கண் தெரியாத ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியாக நடித்த சுந்தரராஜனுக்கு ‘மேஜர்’ பட்டம் ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டது. அதே நாடகத்தில் வந்த ரஜினிகாந்த் என்ற பாத்திரத்தின் பெயரைத்தான் பின்னாளில் பாலசந்தர் சிவாஜி ராவுக்குச் சூட்டினார்.

அன்று அமெச்சூர் நாடகம் என்றால் ஆபீஸ் விட்டு வந்த பிறகுதான். செட்டை மாற்ற ஆளும் கிடையாது, காசும் கிடையாது. பார்க்க வந்தவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் ஒரே இடத்தில், சில மணி நேரத்துக்குள், வசனத்தை நம்பியே கதை நகர வேண்டியிருந்தது. ‘நீர்க்குமிழி’க்கு ஓர் ஆஸ்பத்திரி வார்டு போதுமாக இருந்தது. 1965ல் அதையே தன் முதல் படமாக இயக்கியபோதும் அவர் ஆஸ்பத்திரியை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. அவர் படங்களில் நாடக வாடை அடிக்கிறது என்று விமர்சகர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. நாலு பேரை ஓர் அறைக்குள் உட்காரவைத்துப் பேசவிட்டே நம்மை அசையாமல் கட்டிப்போட அவரால் முடிந்தது. அந்த வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தது சபா மேடைதான்.

என் அப்பாவும் அரசாங்க ஆபீஸ்காரர். சிறுவயதில் என்னைச் சபா நாடகங்களுக்குக் கூட்டிப்போவார். மேடையில் நிற்பவர்களும் தன்னைப்போல மாதச் சம்பளக்காரர்கள்தான் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெருமை எனக்கும் ஒட்டிக்கொண்டது. நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் குடிவந்த பிறகு தமிழ்ச் சங்க விழாக்களில் நாடகம் போட ஆரம்பித்தோம். இங்கேயும் நடிப்பவர்கள் பகலில் ஆபீஸ், ராத்திரியில் ஒத்திகை என்று இருப்பவர்கள். மற்றதெல்லாம் தலைகீழ். அன்று ஒரு மைக்கின் கீழே நாலு பேர் முட்டிக்கொண்டு நிற்பார்கள். இன்று ஆளுக்கு ஒரு காலர் மைக். அன்று கார்பன் பேப்பரில் எடுத்த பிரதி. கடைசி பிரதி கிடைத்தவர் வசனத்தை ஊகித்துப் படிக்க வேண்டும். இன்று வாட்ஸப்பில் வசனம் வந்து விழுகிறது. அன்று படுதாவில் வரைந்த வீடு, இன்று எல்.இ.டி. திரையில் எந்த வீடு வேண்டுமானாலும் வரும்.

ஒரு பொங்கலுக்குப் பாலசந்தரின் ‘எதிர்நீச்சல்’ போட்டோம். அதற்கு மாடிப்படி நிஜமாகவே வேண்டும். மாது என்ற அநாதைப் பையன், பல குடித்தனங்கள் இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்துகொண்டு அந்தப் படிக்கட்டின் கீழேதான் குடியிருக்கிறான். ஹோம் டிப்போவில் பலகை வாங்கி, என் வீட்டுக் கராஜில் ஏழு படிகள் அடித்தோம். மேலே ஏறினால் கிரீச்சென்று சத்தம் வரும். அது நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டோம். நாடகத்தில் வரும் நாயர் வேஷக்காரருக்கு நடுவில் டாலஸில் வேலை கிடைத்தது. ஒத்திகைக்கு வீடியோவில் வந்து, நாடகத்தன்று விமானம் ஏறி வந்து நடித்துவிட்டுப் போனார். இங்கேயே பிறந்த குழந்தைகளுக்கு மாது புரிவானா என்று கவலைப்பட்டேன். ஒரு பையன், “ஹாரி பாட்டர் மாதிரியா அங்கிள்? அவனும் படிக்கட்டுக்குக் கீழதான் இருப்பான்” என்றான். கவலை தீர்ந்தது.

அரங்கு நிறைந்திருந்தது. சென்னையில் சபா நாடகத்துக்குக் கூட்டம் குறைந்துபோன காலத்தில், கடல் கடந்து ஒரு பள்ளிக்கூட அரங்கில் தமிழ் நாடகத்துக்கு நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கிறார்கள். இதை நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. நேரமும் பணமும் இல்லாத அந்தக் குமாஸ்தா தன்னைச் சுற்றி இருந்த வாழ்க்கையைப் புதிதாக எழுதினார். இத்தனை வசதி உள்ள நாம் பெரும்பாலும் அவர் காலத்து மாடிப்படியைத்தான் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறோம்.

நமக்குக் கதையா இல்லை? பச்சை அட்டைக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் குடும்பம். ஆறு மாதத்துக்கு வந்து, பனிக்காலத்தில் ஜன்னலோரமே பழியாய்க் கிடக்கும் அம்மா. வேலை போனதை மனைவியிடம் சொல்லாமல் தினமும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பும் கணவன். ஒவ்வொன்றையும் ஒரே செட்டில் போடலாம். முயன்றவர்களும் இருக்கிறார்கள். அருண் வைத்தியநாதன் 2009ல் ‘அச்சமுண்டு அச்சமுண்டு’ படத்தை நியூ ஜெர்சியிலேயே எடுத்தார். இங்கே வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பயம்தான் கதை. கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் தீபா ராமானுஜத்தின் நாடகக் குழு பல வருடங்கள் மேடையேறியிருக்கிறது. இவர்கள் போதாது, இன்னும் பலர் வர வேண்டும்.

அடுத்த பொங்கல் விழாவுக்குப் பழைய நாடகப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருப்பவர்களே, அதை மூடிவைத்துவிட்டு நீங்களே ஒன்று எழுதுங்கள். ஆறு பாத்திரங்களுக்கு மேல் வேண்டாம், இரண்டு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். நியூ ஜெர்சிக்காரர்கள் ஒத்திகைக்கு இடம் தேட வேண்டியதில்லை. எங்கள் கராஜ் இருக்கிறது.