உயர்கழுத்துக் கேன்வாஸ் ஷூவில் ஒயிலும் சுகமும்: முண்டியம்பாக்கத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முதலில் ஆய்வெல்லை. வடக்கே திண்டிவனம், தெற்கே விழுப்புரம், கீழே ரப்பர் அடி, மேலே கணுக்கால். செருப்பு, பூட்ஸ், பாதக்குறடு ஆகியவை வேறு துறையினருக்கு உரியவை. அவர்களோடு நமக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

வரலாறு: அமெரிக்காவின் கான்வர்ஸ் நிறுவனம் ஆல் ஸ்டார் ஷூவை 1917இல் கொண்டுவந்தது. அதை ஊர் ஊராகப் போய் விற்ற சக் டெய்லரின் பெயர் 1930களில் கணுக்கால் வட்டத்தில் ஏறியது. 1962 மார்ச் 2 அன்று ஒரே கூடைப்பந்து ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த வில்ட் சேம்பர்லேன் காலிலும் கான்வர்ஸ்தான். 2003இல் கான்வர்ஸை நைக்கி வாங்கியது. நைக்கி ஷூ தைக்கும் செய்யாறு சிப்காட்டோ திண்டிவனத்திலிருந்து வந்தவாசி வழியே பஸ் பிடிக்கும் தூரம். ஆகவே இந்த ஷூ ஆதியில் நம்முடையதே என்று நிறுவும் கட்டுரை வேறொரு கருத்தரங்கில் வாசிக்கப்படும். அங்கே சாப்பாடு நன்றாக இருக்கும்.

ஒயில்: உண்டு.

சுகம்: தட்டையான அடி. மெத்தை குறைவு. உட்புறம் காற்றுக்கென இரண்டு கண்கள். அக்கினி நட்சத்திரத்தில் அவற்றின் வழியே வருவதும் அனலே (டீக்கடைப் பெஞ்சு, வடக்கு முனை).

கழற்றல்: இதுவே ஆய்வின் உயிர்நிலை. சேம்பர்லேன் ஆட்டம் முடிந்து ஒருமுறை கழற்றியிருப்பார். முண்டியம்பாக்கத்துக்காரர் வீட்டு வாசலில், கோயிலில், கிளினிக்கில், கம்ப்யூட்டர் சென்டரில் என ஒவ்வோரிடத்தும் ஏழெட்டு ஜோடிக் கண்களோடு மல்லுக்கட்ட வேண்டும். இதில் மூன்று மரபுகள் உள. முழுக்க அவிழ்ப்போர், மேற்கண்களை மட்டும் தளர்த்துவோர், அவிழ்க்காமலே குதிகாலை மிதித்து உருவுவோர். மூன்றாமவரை முதலாமவர் நெறியற்றோர் என்பர். மூன்றாமவர் பதில் சொல்வதில்லை. அதற்குள் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள்.

கணுக்காலைக் காக்கவே இந்த உயரம் என்பது ஒரு வாதம். கணுக்காலுக்கு உண்மையில் வேலை வைப்பது மயிலம் முருகன் குன்று. அங்கே சாமி பார்க்கப் போகும்போது ஷூ வெளியிலேயே நின்றுவிடுகிறது (மேற்படி பெஞ்சு, தெற்கு முனை, மழைக்காலப் பதிப்பு).

மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் ரப்பர் செருப்பு தொலையும், உயர்கழுத்து ஷூ தொலையாது என்றொரு கோட்பாடும் உண்டு. எடுத்தவர் குனிந்து லேஸ் கட்டி முடிப்பதற்குள் உரியவர் கும்பிட்டுத் திரும்பிவிடுவார். மூலம்: மேற்படி பெஞ்சு, இரண்டாம் டீக்குப் பின் திருத்திய பதிப்பு, எழுவர் உரையுடன், பெஞ்சின் கால் ஆடியதால் நடுவே சில வரிகள் சிதைவு, 'லேஸ்' என்னுமிடத்து 'லாரி' என்ற பாடபேதம், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன வண்டியின் இரைச்சலால் நேர்ந்த இடைச்செருகல். கோட்பாட்டை மறுக்கும் பேராசிரியர்கள் பெஞ்சைப் பார்த்தவர்கள் அல்லர். பார்த்தவர்களை மேற்கோள் காட்டியவர்களை மேற்கோள் காட்டியவர்கள்.

முடிபு: ஒயில் வேண்டுவோர் மேல் இரண்டு கண்களை விட்டுவிட்டு லேஸ் கட்டலாம். சுகம் வேண்டுவோர் உள்ளே ஒரு மெத்தை அட்டை செருகலாம். இரண்டும் வேண்டுவோர் பையில் ஒரு ஜோடி ஹவாய் செருப்பு வைத்துக்கொள்ளலாம். சாக்ஸ் நாற்றம் பற்றிய இயலுக்கு நெறியாளர் இன்னும் நாற்பது மேற்கோள் கேட்கிறார். பெஞ்சில் இடம் கிடைத்ததும் எழுதப்படும்.