வடாம் காவலும் கரிகாலன் கொலையும்

கோடை விடுமுறையில் மாயவரத்துப் பெரியம்மா வீட்டு மொட்டைமாடியில் எனக்கும் அக்காவுக்கும் ஒரே வேலைதான், வடாம் காவல். பழைய வேட்டியில் பிழிந்து காய்கிற வடாமுக்கு நடுவே காக்காய்க்குப் பயம் காட்ட ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் ஆளுக்கொரு பைண்டு புத்தகத்தோடு உட்கார்ந்தால், சாப்பிடக் கூப்பிடும் குரல் வரும்வரை யாரை யார் கொன்றார்கள் என்பதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. உங்கள் வீட்டு மாடியில் வடாமுக்குப் பதில் மிளகாயோ புளியோ காய்ந்திருக்கலாம். புத்தகம் அநேகமாக இதுவேதான்.

‘பொன்னியின் செல்வன்’. 1950-இல் கல்கியில் தொடங்கியது முதல் 1954-இல் முடிந்தது வரை பெரியம்மா வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் துளை போட்டு, சணல் நூலில் தைத்து, மைதாப் பசை காய்ச்சி அட்டை ஒட்டி வைத்திருந்தார். பிரித்தால் பழைய காகிதமும் பசையும் கலந்த ஒரு வாசனை வரும். மணியத்தின் படங்கள் ஓரம் மடிந்து பழுப்பேறியிருக்கும். பக்கத்தின் முதுகில் வேறொரு கதையின் பாதி. கடம்பூர் மாளிகை இருட்டில் ஆதித்த கரிகாலன் விழுந்து கிடக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினால் எதிரே ஒரு கூந்தல் தைல விளம்பரம். அந்தத் தைலக்காரிமேல் எனக்கு அப்போது வந்த கோபம் இன்றும் நினைவிருக்கிறது.

காலையில் கரிகாலன் என்றால் மதியத்துக்கு தேவனின் ‘துப்பறியும் சாம்பு’. பேங்க் குமாஸ்தாவாக இருந்து துப்பறிய வந்த சாம்பு தடுக்கி விழுந்த இடத்திலெல்லாம் துப்பு கிடைப்பதும், இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மகா மூளை என்று மெச்சுவதும், நான் வாய்விட்டுப் படிக்கப் படிக்க, கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார். கல்லூரி நாட்களில் கணேஷ்-வசந்த் வந்தார்கள், பஸ் ஸ்டாண்டு கடையில் ராஜேஷ்குமார் வந்தார், ஆசையாகத்தான் படித்தேன். ஆனால் மாடி நிழலில் படித்தபோது இருந்த அந்தப் படபடப்பு பஸ் ஜன்னலோரத்தில் வரவில்லை.

கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி கடைசிவரை வெளிச்சமாகச் சொல்லவில்லை. பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார்; நந்தினி அந்த அறையில் இருந்தாள்; ரவிதாசன் கூட்டம் பக்கத்திலேயே காத்திருந்தது. ஆளுக்கொரு சீட்டில் பெயர் எழுதிக் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டோம். பெரியம்மா பழுவேட்டரையர் என்றார். அக்கா நந்தினி. நான் ரவிதாசன். ஒரு கோடை முழுக்க அந்தச் சண்டை ஓடியது, சாப்பாட்டு இலைக்கு முன்னாலும்.

2022-இல் படம் வந்தபோது என் மகன் அதே கேள்வியைக் கைபேசியில் தட்டினான். ஒரு நிமிஷத்தில் பதில்கள் வரிசை கட்டி நிற்க, எல்லாம் தெரிந்துகொண்டு நிம்மதியாகத் தியேட்டருக்குக் கிளம்பினான். நானும் இப்போது ஐந்து பாகத்தையும் அதே கைபேசியில்தான் படிக்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடிகிறதே, இந்தக் கண்ணுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் அடுத்த வாரம் என்று ஒன்று இல்லை. அத்தியாயம் முடிந்ததும் அடுத்தது தானாக வந்து நிற்கிறது. சந்தேகப்பட்டுத் திரிய ஒரு வியாழக்கிழமைகூட மிச்சமில்லை.

போன வருஷம் காட்டுமன்னார்கோயில் பக்கம் போனபோது உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலுக்குள் நுழைந்தேன். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்களைச் சொல்லி, அவர்கள் உறவினர் நிலங்களையும் பறிமுதல் செய்த ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். நாலு எழுத்துக்கு மேல் நகரவில்லை. கல் மட்டும் வெயிலில் சுட்டது, எங்கள் மாடிச் சுவர் மாதிரியே. அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, ரவிதாசன்தான். கல்லுலயே வெட்டி வெச்சிருக்காங்க.”

“நந்தினி பேரு இருக்கா?”

“இல்லக்கா.”

“அப்படின்னா அவ மாட்டிக்கல, அவ்வளவுதான்” என்றாள். “அந்தச் சீட்டைக் கிழிச்சுடாதே.”