பக்கத்து சீட்டு அப்பா

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிகாலையில் தெற்கே போகிற கார்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இவரைக் கண்டுபிடித்துவிடலாம். ஸ்டியரிங் மகள் கையில். அவள் ஹாயாகச் சாய்ந்திருப்பாள். இடப்பக்க சீட்டில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது காலைத் தரையில் ஊன்றியிருப்பவர்தான் நம் ஆள். முன்னால் போகும் டிராக்டர் லேசாகத் தயங்கினாலும் அந்தக் கால் அமுக்கும். அந்த இடத்தில் பிரேக் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், காலுக்குத்தான் தெரியாது.

வங்கியிலோ மின்வாரியத்திலோ குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். மகளுக்கு ஓ.எம்.ஆரில் வேலை. கார் அவளுடையது, மாதத் தவணையும் அவளுடையது. “தனுஷ்கோடி வரைக்கும் காரிலேயே போலாமாப்பா?” என்று கேட்டதும் அவள்தான். ஆனால் திட்டம் போட்டவர் அப்பா. திட்டம் என்றால் காலை நாலு மணிக்குக் கிளம்புவது, அவ்வளவுதான். மூன்றரைக்கே குளித்து, விபூதி பூசி, ஆர்.சி. புத்தகத்தின் ஜெராக்ஸ் ரெண்டு செட் வைத்த பிளாஸ்டிக் உறையோடு வாசலில் நிற்பார். “எல்லாம் போன்லயே இருக்குப்பா” என்றால், “போன் செத்துட்டா?” என்பார். இந்தக் கேள்விக்கு இன்றுவரை எந்த மகளிடமும் பதில் இல்லை.

உத்தண்டி டோல்கேட்டில் முதல் தோல்வி. அவர் சட்டைப் பையில் சில்லறையைத் துழாவி எடுப்பதற்குள் ஃபாஸ்டேக் தன் வேலையை முடித்து, தடுப்புக் கம்பு மேலே போய்விடும். சில்லறை திரும்பப் பைக்குள் போகும்.

அடுத்தது கடல் பிரச்சினை. கடற்கரைச் சாலை என்று பெயர். ஆனால் சென்னையிலிருந்து கிளம்பினால் நெடுந்தூரத்துக்குக் கண்ணில் படுவது பங்களாக்களின் காம்பவுண்டு சுவரும், ரிசார்ட் போர்டும், சவுக்குத் தோப்பும்தான். “கடல் எங்கப்பா?” என்று மகள் கேட்டால், ரோடு போட்ட கான்ட்ராக்டரே தான்தான் என்பதுபோல அப்பா சங்கடப்படுவார். “வரும்மா, வரும்.” முட்டுக்காடு பாலத்தில் வந்துவிடும். இடப்பக்கம் முகத்துவாரம், வலப்பக்கம் உப்பங்கழி, படகுத்துறை. “அதோ பாரு, கடல் பாரு!” என்று கத்துவார். அவள் தலையைத் திருப்பிய அதே நொடியில், “ரோட்டைப் பாரு, ரோட்டைப் பாரு!” என்று அதைவிடப் பலமாகக் கத்துவார். பாலம் முடிவதற்குள் இது நாலு முறை நடக்கும்.

கடல் மறைந்துவிட்டால் சரித்திரம் ஆரம்பம். வடநெம்மேலி முதலைப் பண்ணை: “ராமுலஸ் விட்டேகர்னு ஒருத்தர், 1976ல ஆரம்பிச்சது.” அங்கேயே இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்: “1978. விஷமுறிவு மருந்துக்கு இவங்கதான் விஷம் எடுத்துக் கொடுக்கறாங்க.” தகவலெல்லாம் சரியாகவே இருக்கும், அதுதான் தொல்லை. தப்பென்றால் மகள் கூகுளைக் காட்டி வாயடைத்துவிடலாம். கூகுள் மேப்ஸ் பேசினாலும் அவருக்குப் பொறுக்காது. “முந்நூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்” என்று அந்த அம்மாள் சொன்னால், “இதைச் சொல்லத்தான் நான் வாயத் திறந்தேன்” என்பார்.

மரக்காணத்தில் உப்பளம். பாத்திகளில் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்க, வரப்பில் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். மகள் படம் எடுக்க இறங்குவாள். அப்பா நேராக நுங்கு விற்பவரிடம் போவார். ஒன்றைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, “முத்தல் கலக்காதப்பா, இளசா வெட்டு” என்று ஆரம்பித்து, டஜன் என்ன விலை, போன வருஷம் என்ன விலை, பனையேற இப்போதெல்லாம் ஆள் கிடைக்கிறதா என்று வழக்கை நிதானமாக நடத்துவார். தீர்ப்பு வரும் நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை நீளும். கியூ.ஆர். அட்டைக்கு நேரே போன். “அனுப்பிட்டேன் அண்ணே.” கேட்ட விலையை முழுசாகக் கொடுத்துவிட்டாள்! அப்புறம் நெடுந்தூரத்துக்கு சரித்திரம் கிடையாது.

பாண்டிச்சேரி, கடலூர், சீர்காழியெல்லாம் இந்த மௌனத்திலும் இட்லியிலும் கழிந்துவிடும். தரங்கம்பாடியில் அப்பாவுக்குப் பேச்சு திரும்பும். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை அது. வாசல் அறிவிப்புப் பலகையைக் கடைசி வரி வரை நின்று படிப்பார். பிறகு மகளிடம் வந்து, அவளும் அதே பலகையைப் படித்துவிட்டாள் என்பதைப் பொருட்படுத்தாமல், முழுவதையும் ஒப்பிப்பார். வேதாரண்யத்தில் ராஜாஜியின் 1930 உப்பு சத்தியாக்கிரகம். அதற்குக் கொஞ்சம் குரலும் கம்மும்.

ஆனால் இந்த வழியில் அவருக்கென்றே அமைந்த இடம் மல்லிப்பட்டினத்தை ஒட்டியுள்ள மனோராதான். கடலோரம் எட்டு அடுக்குக் கோபுரம். நெப்போலியன் தோற்றதற்காக, ஆங்கிலேயர் மனம் குளிர, 1814இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பியது.

“ஐரோப்பாவுல யாரோ தோத்ததுக்கு இவர் ஏம்ப்பா கட்டினார்?”

“உங்க ஆபீஸ்ல அப்ரைசல் சமயத்துல மேனேஜருக்கு என்ன பண்றீங்க? அதுதான்.”

1799 ஒப்பந்தத்தோடு நிர்வாகம் மொத்தமும் கும்பினியார் கைக்குப் போய், சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும் பட்டமும் மானியமும். அவர் அதற்காக ஓய்ந்து உட்காரவில்லை. சரஸ்வதி மகாலில் சுவடியும் புத்தகமும் சேர்த்தார், மருத்துவம் படித்தார். பக்கத்து சீட்டு அப்பாவின் ராஜ்ஜியமும் இதே அளவுதான்: டேஷ்போர்டுப் பெட்டி, ஏ.சி. திருகு, தண்ணீர் பாட்டில். அதற்குள் அவர் நடத்தும் நிர்வாகம் இருக்கிறதே! அரை மணிக்கொரு தரம் பாட்டில் மூடியைத் திறந்து நீட்டுவார். வெயில் அவள் பக்கம் திரும்பினால் துண்டை எடுத்து ஜன்னலில் செருகுவார். ஏ.சி.யை ஒரு புள்ளி குறைப்பார், அவள் கூட்டுவாள், அவள் எதிரே வரும் லாரியைக் கவனிக்கும்போது மறுபடி குறைப்பார்.

பாம்பன் பாலத்தில் மட்டும் சட்டம் தளரும். “பாலத்துல வண்டிய நிறுத்தக் கூடாதும்மா, ரூல் இருக்கு” என்று மண்டபத்திலேயே எச்சரித்தவர், நடுப்பாலத்தில் “ஒரே நிமிஷம் ஓரங்கட்டு” என்பார். கீழே, 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். புதியதில் நடுத்தண்டவாளம் அப்படியே செங்குத்தாக மேலே போய்க் கப்பலுக்கு வழிவிடும். அதை விளக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டும். நிறுத்தக் கூடாது என்று இப்போது சொல்வது மகள்.

தனுஷ்கோடிக்கு அப்பால் ரோட்டுக்கு இருபுறமும் தண்ணீர். ஓட்டுகிறவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்தான். 1964 டிசம்பர் புயலில் ஊரும் ரயிலும் போன கதையைச் சொல்லி, 2017இல்தான் அரிச்சல்முனை வரை இந்தத் தார் ரோடு திறந்தது, அதற்கு முன் மணலில் ஜீப்பும் வேனும்தான் என்று முடிக்கும்போது அவர் போன் கிணுங்கும். இலங்கைக்கு வரவேற்கிறோமாம். அலறியடித்து அணைத்துவிடுவார். “ரோமிங்ல பிடுங்கிடுவான்! உன்னுதயும் ஆஃப் பண்ணு!”

ராமேஸ்வரம் திரும்பியதும் முதல் வேலை, வீட்டுக்கு போன்.

“வந்து சேந்தாச்சு. ரெண்டு நாளும் பாப்பாவேதான் ஓட்டினா. ஒண்ணும் சொல்றதுக்கில்ல, நல்லாவே ஓட்டறா.”

“நீங்க சும்மா வந்தீங்களா?”

“நான் பிரேக் மட்டும் பாத்துக்கிட்டேன்.”