குட்டை மலையில் ஓர் இமயவரம்பர்

சேரமன்னன் நெடுஞ்சேரலாதன் இமயத்தில் வில்லைப் பொறித்துவிட்டு வந்து இமயவரம்பன் என்று பேர் வாங்கினான். அவன் மகன் செங்குட்டுவன் அதே இமயத்திலிருந்து கண்ணகி சிலைக்குக் கல் எடுத்து, அதைக் கனகவிசயர் தலையில் ஏற்றிக் கொண்டுவந்தான். அந்தப் பரம்பரை இன்னும் அற்றுப்போகவில்லை. சென்னையில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மாடிக்கு ஓர் இமயவரம்பர் இருக்கிறார். டிசம்பர் கடைசியில் விடுப்பெடுத்து, டேராடூன் போய், அங்கிருந்து சாங்க்ரி என்ற ஊருக்கு வண்டி பிடித்து, கேதார்கண்டா சிகரத்தில் பனிக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தவர். உயரம் சுமார் 12,500 அடி. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம், அவரே நினைவுபடுத்துவார். செங்குட்டுவனுக்கும் இவருக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். அவன் கல்லைக் கனகவிசயர் தலையில் ஏற்றினான். இவர் நம் தலையில் ஏற்றுகிறார்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். ஏசி பதினெட்டில் ஓடி, எல்லோரும் துப்பட்டாவையும் துண்டையும் தேடிக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிடுவார். “இதெல்லாம் ஒரு குளிரா? மைனஸ் பத்துல டென்ட்டுக்கு வெளியே நின்னு பல்லு விளக்கியிருக்கேன்.” டீ வந்தால், “பத்தாயிரம் அடியில ஒரு டீ குடிச்சேன் பாருங்க” என்று ஆரம்பித்து நம்முடைய டீ ஆறுகிறவரை விடமாட்டார். டீயாவது பரவாயில்லை. அங்கே சாப்பிட்ட மேகியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காண்டம் காண்டமாகப் போகும். மூட்டைகளைச் சுமந்தவை கோவேறு கழுதைகள், கூடாரம் அடித்தவர்களும் சோறு பொங்கியவர்களும் வேறு ஆட்கள் என்பதெல்லாம் நாம் குடைந்து கேட்டால்தான் வெளியே வரும். அவர் மனைவியிடம் ஒரு விசேஷத்தில் பேசிக்கொண்டிருந்தபோது தெரிந்தது: பரணிலிருந்து சூட்கேஸ் இறக்கச் சொன்னால் அவருக்கு முட்டி வலி வந்துவிடுமாம்.

பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிலர் குடியம் குகைகளுக்குப் போவதாக இருந்தோம். சென்னையிலிருந்து கிட்டத்தட்ட அறுபது கிலோமீட்டர். திருவள்ளூர் தாண்டி, பூண்டி ஏரியும் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கிற அல்லிக்குழி மலைகள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு திறந்துவிட்ட நாற்பது மலையேற்றப் பாதைகளில் இதுவும் ஒன்று. இணையத்தில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். இமயவரம்பரிடம் சொன்னோம். “எவ்வளவு உயரம்?” என்றார். நானூறு மீட்டருக்குள்தான் என்றோம். நாங்கள் ஏதோ தரங்கெட்ட சங்கதியைச் சொல்லிவிட்ட மாதிரி ஒரு சின்ன மௌனம். பிறகு பெருந்தன்மையாக, “சரி, ஒரு வார்ம்-அப் மாதிரி வர்றேன்” என்றார்.

விடியற்காலையில் வந்து நின்றார். நாங்கள் டீ-ஷர்ட்டும் பழைய ஷூவுமாக இருந்தோம். அவர் உள்ளே ஒன்று, அதன் மேல் ஒன்று, அதற்கும் மேலே இறகு அடைத்த ஜாக்கெட் ஒன்று என்று அடுக்கியிருந்தார். அதற்கு லேயரிங் என்று பெயராம். கணுக்காலில் பனி புகாமலிருக்க உறை. கையில் மடக்கும் கோல், ஒன்றல்ல, இரண்டு. தலையில் விளக்கு. தோளில் தண்ணீர்ப்பை; அதிலிருந்து ஒரு குழாய் வாய்வரை வந்தது, சதா உறிஞ்சிக்கொண்டே இருந்தார். திருவள்ளூரில் இட்லி சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து ஆக்சிமீட்டரை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு. “நல்லா அக்ளமடைஸ் ஆயிருக்கேன்” என்றார். பக்கத்து மேசைப் பெரியவர் ஏதோ வியாதிக்காரர் என்று நினைத்து ஃபேனைக் கூட்டி வைக்கச் சொன்னார்.

எங்களுக்கு வந்த வழிகாட்டி அந்தப் பக்கத்து ஊர்ப் பெண்மணி. முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். கணீரென்ற குரல், தமிழுக்கு நடுவே லேசாகத் தெலுங்கு எட்டிப் பார்க்கும். “பாத விட்டு இறங்காதீங்க சார், முள்ளு ஜாஸ்தி” என்று ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். இமயவரம்பர் அவருக்குப் பதில் எச்சரிக்கை கொடுத்தார். எப்படி மூச்சு விட வேண்டும், குதிகாலை எப்படி ஊன்ற வேண்டும், பனிச்சரிவில் மாட்டினால் எந்தப் பக்கம் உருள வேண்டும் என்றெல்லாம் விளக்கினார். அந்தம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, “இங்க பனி பெய்யாது சார்” என்றார்.

குடியம் காடு சினிமாவில் பார்க்கிற காடு இல்லை. இமயத்தில் தேவதாரு நூறடி உயரத்துக்கு நின்று நம்மைச் சின்னவனாக்கும். இங்கே இடுப்பளவு, தோளளவுப் புதர்கள்தான். ஆனால் புதருக்குப் புதர் குணம் உண்டு. காரை குத்தும், சூரை குத்தாது, பிடிக்கும். அதன் முள் வளைந்தது. முன்னே போகிறவனைப் பின்னுக்கு இழுத்து, “எங்கே அவசரம்?” என்று விசாரிக்கும். ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் ஏற, நம்மவர் ஜாக்கெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு படத்துக்காகப் பாதையைவிட்டு ஓரமாக ஒதுங்கினார். சூரை விசாரித்தது. பர்ரென்று ஒரு சத்தம். அப்புறம் அவர் போன வழியெல்லாம் வெள்ளை வெள்ளையாய் இறகு பறந்தது. வழிகாட்டி திரும்பிப் பார்த்துவிட்டு நிஜமான அக்கறையோடு கேட்டார்: “எந்தக் கோழி சார்?”

முள்ளுக்கு அடுத்தது கல். பாதை முழுக்க வழுவழுவென்ற உருண்டைக் கற்கள். முட்டை அளவிலிருந்து பூசணிக்காய் அளவு வரை கிடக்கின்றன. ஷூவுக்கு அடியில் உருளும். கோலை ஊன்றினால் நழுவும். பனியில் நடக்கப் பழகிய கால் இங்கே ஆறு அடிக்கு ஒருமுறை பரதநாட்டியம் பிடித்தது. “ட்ரெயில் மெயின்டனன்ஸ் சரியில்ல” என்று தீர்ப்புச் சொன்னார்.

பெரிய குகை திடீரென்றுதான் கண்ணில் படும். குகை என்றால் இருட்டுப் பொந்து இல்லை. மலையே வாயைத் திறந்து நிற்கிற மாதிரி அகலமான பாறைத் தாழ்வாரம். அதன் சுவரிலும் கூரையிலும் நாங்கள் மிதித்து வந்த அதே உருண்டைக் கற்கள் ஆயிரக்கணக்கில், செம்மண் நிறக் காரையில் பதிந்து நிற்கின்றன. இமயவரம்பர் நிமிர்ந்து பார்த்தார். வீடு கட்டியவர் என்ற முறையில் உடனே அபிப்பிராயம் சொன்னார். “கவர்மென்ட் கான்ட்ராக்டா? ஜல்லி தனியா சிமென்ட் தனியா நிக்குது பாருங்க. கலவையே சரியில்ல.”

கலவை போட்டது ஓர் ஆறு. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், டைனோசர்கள் திரிந்த காலத்தில், வெள்ளம் உருட்டி வந்து குவித்த கற்கள் மணலோடும் மண்ணோடும் இறுகிப் பாறையாகிவிட்டன. அப்போது இமயமலை என்று ஒன்று கிடையாது. இந்தியா தனி நிலமாக மிதந்து போய் ஆசியாவோடு முட்டியதே சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஆக, கேதார்கண்டா அல்லிக்குழிக்குக் கொள்ளுப்பேத்தி முறை வேண்டும். வயதில் மூத்தவர்கள் கூனிக் குறுகித்தானே இருப்பார்கள். மழையும் வெயிலும் தேய்த்துத் தேய்த்து இந்த உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. இதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் பனிச்சரிவு பற்றித் தொடங்கிவிட்டார். குகைக்குள் குரல் நன்றாக எதிரொலிக்கிறது என்று தெரிந்ததும் இன்னும் உற்சாகம்.

வழிகாட்டி அம்மா உதட்டில் விரலை வைத்தார். பிறகு அந்த விரலாலேயே மேலே காட்டினார்.

கூரையில் கறுப்பாக, பாய் பாயாக, மலைத்தேனீ அடைகள். ஒன்றிரண்டு இல்லை. அடைகளின் மேல் தேனீக் கூட்டம் அலையடித்து மினுங்குவது கீழே இருந்தே தெரிந்தது. “சத்தம் ஆகாது, சென்ட்டு வாசனையும் ஆகாது. அண்ணா கொஞ்சம் அடிச்சிருக்காரு” என்று காற்றோடு காற்றாகச் சொன்னார் அந்தம்மா. அண்ணா வெளிறிப் போனார். அதன்பின் அங்கிருந்த நேரம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியவை தொண்டைவரை வந்து திரும்பிப் போவதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அப்போது ஆக்சிமீட்டரை மாட்டியிருந்தால் எண்பதுக்குக் கீழே காட்டியிருக்கும். அந்த அமைதியில்தான் ஊர்ச்சனம் அங்கே வைத்துக் கும்பிடுகிற அம்மனைப் பார்த்தேன். மஞ்சளும் குங்குமமும், பொங்கல் வைத்த அடுப்புக்கல்லின் கரியும் இருந்தன. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுகையில் தூக்குப் பாத்திரத்தோடு ஓர் அம்மாள் எங்களுக்கு முன்பே வந்து கும்பிட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் கோல் இல்லை.

இந்த மலைக்குச் சரியான ஆள் ஒருவர் 1863-லேயே இந்தப் பக்கம் வந்துவிட்டார். ராபர்ட் புரூஸ் ஃபுட், நிலவியல் துறைக்காரர். குனிந்து தரையைப் பார்த்து நடக்கிற மனிதர். அந்த ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்து, இது தானாக உடைந்ததில்லை, மனிதன் செதுக்கியது என்று கண்டுகொண்டார். செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு குடியத்துக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கிடைத்தன. நாங்கள் தடுக்கி விழுந்துகொண்டிருந்த அதே வகை உருண்டைக் கல்லைத்தான் கற்கால ஆசாமிகள் தட்டிக் கைக்கோடரி ஆக்கியிருக்கிறார்கள். அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். குடியம் குகையிலும் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டிப் பார்த்திருக்கிறது. உலகமே எட்டிப் பார்க்கிற ஊர். நம்மவர் எட்டிப் பார்த்ததெல்லாம் கைக்கடிகாரத்தில் ஓடிய அடிக்கணக்கைத்தான்.

குகையை விட்டுத் தள்ளி வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். இமயவரம்பர் பையிலிருந்து டிரெயில் மிக்ஸ் என்ற பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால் பொட்டுக்கடலை, திராட்சை, முந்திரி. எங்கள் தெருக்கோடிக் கடையில் பத்து ரூபாய்க்குக் காகிதத்தில் மடித்துத் தருவதுதான், இதற்கு முந்நூற்றைம்பதாம். நாங்கள் புளியோதரையைத் திறந்தோம். “மலையில கார்ப்ஸ் அவாய்ட் பண்ணணும்” என்றார். வாசனை அவர் பக்கம் வீசியது. கொஞ்சம் ருசி பார்க்கிறேன் என்றார். மூன்றாவது தடவை ருசி பார்த்தபோது பாத்திரத்தின் அடி தெரிந்தது. அந்தம்மா தன் தயிர்சாதத்தில் பாதியையும் அவருக்குத் தந்து, “சாப்டுங்க அண்ணா, இறகெல்லாம் வேற போயிடுச்சு” என்றார்.

திரும்பும் வழியில் பூண்டியில் தொல்லியல் துறையின் காட்சிக்கூடத்தில் இறங்கினோம். கண்ணாடிப் பெட்டிக்குள் கைக்கோடரிகள். “எல்லாம் ஒரே மாதிரி கல்லா இருக்கே” என்று சொன்னவர், பெயர்ப்பலகையில் எழுதியிருந்த வயதைப் படித்ததும் நின்றுவிட்டார். பூஜ்யங்களை விரலால் எண்ணினார். அங்கேதான் நான் பத்துக் கோடி, ஐந்து கோடிக் கணக்கையும் சொல்லி முடித்தேன். பதில் ஏதும் வரவில்லை. இறகு கொட்டிய ஜாக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். சரி, உபதேசம் வீண் என்று நினைத்துக்கொண்டேன்.

வீணாகவில்லை. சித்திரையில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக ஒருவர் மாற்றலாகி வந்தார். எவரெஸ்ட் அடிவார முகாம் வரை போய் வந்தவர், 5,364 மீட்டர். கேன்டீனில் முதல் நாளே காண்டம் திறந்தது. கேதார்கண்டா அவர் கணக்கில் குழந்தைகள் சறுக்குமரம். எங்கள் இமயவரம்பர் முகம் மெல்லச் சுருங்குவதைப் பார்த்து, இத்தனை நாள் அவர் பேச்சில் சலித்துப்போன எனக்கே பாவமாகிவிட்டது. அவர் நிதானமாக டம்ளரை மேசையில் வைத்தார்.

“இமயமலையா? அது நேத்து முளைச்சது ப்ரோ. மிஞ்சிப் போனா அஞ்சு கோடி வருஷம். குடியம் போயிருக்கீங்களா?”

“இல்லையே. எவ்வளவு உயரம்?”

“உயரத்தையெல்லாம் சின்னப் பசங்கதான் கேப்பாங்க” என்றார் இமயவரம்பர்.