கால் டப்பா மிச்சம்: கொங்கு வீடுகளின் கைவேலைப் பெயிண்ட் குறித்து ஒரு முன்னாய்வு

1. தோற்றுவாய்

கோவை கணபதியில் ஒரு வீட்டின் அட்டாலியில், போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பதினோரு பெயிண்ட் டப்பாக்கள் கண்டெடுக்கப்பட்டன. வீடு இக்கட்டுரையாளருடையது. அகழாய்வுக்கு ஆணையிட்டது அவர் மனைவி. பதினொன்றில் நான்கு கல்லாகியிருந்தன. மூன்றில் பால் மேல் கட்டுவதுபோல ஆடை கட்டியிருந்தது. குச்சியால் குத்தியபோது அடியில் உயிர் தெரிந்தது. இரண்டின் மூடி ஸ்க்ரூடிரைவருக்கும் மசியவில்லை. ஒன்றில் பெயிண்டுக்குப் பதில் ஆணி. எஞ்சிய ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையது.

எந்த டப்பாவிலும் கால் பங்குக்கு மேல் பெயிண்ட் இல்லை. ஆணி டப்பாவைத் தவிர, முழுக்கத் தீர்ந்ததும் ஒன்றுகூட இல்லை. இதுவே ஆய்வின் தொடக்கப்புள்ளி.

வீட்டில் நாமே செய்யும் சிக்கனமான பெயிண்ட் வேலையை ‘கைவினை’, ‘பொழுதுபோக்கு’ என்று வகைப்படுத்துவது வழக்கம். ஒருவருக்குப் பூந்தொட்டி அழகாக வேண்டும் என்று தோன்றுகிறது, அதனால் பெயிண்ட் வாங்குகிறார் என்பது இந்தத் தரப்பின் நம்பிக்கை. களச்சான்று நேர்மாறாக இருக்கிறது. கொங்கு வீட்டில் முதலில் இருப்பது பெயிண்ட். அதைத் தூக்கிப் போட மனசு வராது. ஆகவே அடிக்க ஒரு பொருள் தேடப்படுகிறது. தொட்டிக்காகப் பெயிண்ட் இல்லை, பெயிண்டுக்காகவே தொட்டி.

2. சொல்லாய்வு

இத்துறையின் மூலச்சொல் ‘பட்டி’. கொங்கு வழக்கில் இது ஆடு மாடு அடைக்கும் இடம். பெயிண்டர் வழக்கில் சுவரின் பள்ளத்தை நிரப்பும் வெள்ளை மாவு. பேரூர்ப் பட்டீசுவரர் பெயருக்கும் தலபுராணம் பட்டி என்ற பசுவையே காரணம் காட்டுகிறது. இம்மூன்றையும் ஒரே வேரில் கட்டிவிட எந்த ஆய்வாளருக்கும் கை துறுதுறுக்கும். உள்ளே இருப்பது ஓட்டை வழியாக வெளியே போகாமல் தடுப்பது பட்டி என்று பொதுப்பொருளும் சொல்லலாம். ஆட்டுக்கும் பொருந்தும், சுவருக்கும் பொருந்தும். ஆனால் பெயிண்டரின் பட்டி ஆங்கிலம் வழியாக வந்த பிரெஞ்சுச் சொல். அங்கே அதற்குச் ‘சட்டி நிறைய’ என்று பொருள். ஆக, பட்டிக்கு மூலம் சட்டி. இதற்குமேல் இவ்வாய்வாளர் வேர் தோண்டவில்லை.

3. தொல்லியல் சான்று

கேரள எல்லையை ஒட்டி, வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில், குமிட்டிபதிப் பாறையில் யாரோ வெள்ளை நிறத்தில் யானை வரைந்திருக்கிறார்கள். ஏன் வெள்ளை என்ற கேள்விக்குக் கலைவரலாறு பல விடை தரலாம். நமது கோட்பாட்டின்படி, அன்றைக்கு மிச்சமிருந்தது அதுதான்.

இதைவிட வலுவான சான்று நொய்யல் கரையில் கொடுமணலில் கிடைத்திருக்கிறது. ஏறக்குறைய 2000 ஆண்டுக்கு முந்தைய செம்பூச்சுப் பானை ஓடுகள் அங்கே வந்தன. வெள்ளைக் கோடுகளை இழுத்து, மேலே காவிப் பூச்சு கொடுத்துச் சுட்டவை. பேரூரிலும் போளுவாம்பட்டியிலும்கூட இவ்வகை உண்டு. நெருப்பில் பூச்சும் பானையும் ஒன்றாகிவிட்டதால் இன்றைக்கும் கோடு தெரிகிறது. நான் எனாமல் அடித்த தொட்டி ஆறு மாதத்தில் உரிந்தது.

காரணம் எளிது. சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு. உள்ளே ஊற்றும் தண்ணீர் சுவர் வழியாகக் கசிந்து வெளியே வரப் பார்க்கும். எனாமல் தோல்போல மூடிக்கொண்டு வழிவிடாது. தண்ணீர் அந்தத் தோலைக் கொப்புளமாகத் தள்ளி உரித்துவிடும். தொட்டியின் உட்புறத்தை முதலில் அடைத்துவிட்டு வெளியே அடிப்பது ஒரு வழி. மலிவான வழி சுண்ணாம்பு: அது மூச்சுவிடும்.

சுண்ணாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதிக்கும். ஆறியதும் வடிகட்டி, கொஞ்சம் கஞ்சியும் உப்பும் சேர்த்து, மஞ்சளடிக்காமலிருக்கச் சிட்டிகை நீலம் கலந்து, மட்டையால் அடிப்பார்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு அது மறுபடி கல்லாகும். சுவரில் கல்லாவது சுண்ணாம்பு, டப்பாவில் கல்லாவது எனாமல்: சிக்கனத்துக்கும் செலவுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே.

4. பரவல் விதி

இனி மையக் கோட்பாடு. இரண்டு கோடைக்கு முன் எங்கள் கேட்டுக்குப் பச்சை எனாமல் ஒரு லிட்டர் வாங்கினேன். கால் லிட்டர் மிஞ்சியது. அது மீட்டர் பெட்டிக்குப் போனது. அங்கும் மிஞ்சிச் சைக்கிள் மட்கார்டுக்குப் போனது. பிறகு முக்காலி, மேற்சொன்ன தொட்டி, பொடக்காலியில் கிடந்த பழைய வெட்கிரைண்டர் கல். கல்லுக்கு அடித்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்று பார்த்தார்.

“ஏனுங்க, அசையாம நின்னா எனக்கும் ஒரு கோட்டு அடிச்சுருவீங்களாட்ட இருக்குது.”

இக்கூற்று விதியைத் துல்லியமாகவே எடுத்துரைக்கிறது: மிச்சப் பெயிண்ட், தனக்கு அருகில் அசையாமல் இருக்கும் பொருளை நோக்கிப் பரவும்.

செலவுக் கணக்கையும் மறைக்கக் கூடாது. பெயிண்ட் இலவசம். கலக்கும் கிண்ணம் கொட்டாங்குச்சி. பொள்ளாச்சி இருக்கும்வரை அதற்குப் பஞ்சமில்லை. துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட். லேத் பட்டறையில் கேட்டால் ஒரு கை அள்ளித் தருவார்கள். துருவுக்கு உப்புத்தாள், அதற்குமேல் ப்ரைமர், பிறகு பிரஷ். பழைய பிரஷ் போன தடவை கழுவாமல் விறைத்திருந்தது. அதைக் கழுவ ஒரு பாட்டில் தின்னர். வேலை முடிந்தபோது பெயிண்ட் தீர்ந்து தின்னர் மிஞ்சியது. தின்னர் வீணாகக் கூடாது என்று மறுபடி பெயிண்ட் வாங்கப்பட்டது. இலவசமாகத் தொடங்கிய வேலை இப்படித்தான் நடைபெறுகிறது.

பரவல் விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து 2017 நவம்பரில் நடைமுறையானது. ஆகவே ஆண்டு தெரியாத டப்பாவைக் குழந்தையின் பொம்மைக்கோ, தம்ளருக்கோ, நக்குகிற பழக்கமுள்ள மாட்டுக்கோ பயன்படுத்தலாகாது. அந்த டப்பாவுக்கு அட்டாலியே கதி.

5. பரிசுப் படலம்

வீட்டில் பொருள் தீர்ந்ததும் பெயிண்ட் ஒறம்பரை வீடுகளுக்குப் பரவுகிறது. இதற்குப் ‘பரிசு’ என்று பெயர். காங்கயம் பக்கம், என் அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் தோட்டத்தில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். நான் நீளக் கழுத்துக் கண்ணாடிப் பாட்டில் ஒன்றைச் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, வெள்ளை அடிப்பூச்சு கொடுத்து, இரண்டு நாள் காயவிட்டு, மேலே திமிலோடு ஒரு காங்கயம் காளை வரைந்து எடுத்துப்போனேன். ஆசாரத்தில் டிவி பக்கத்தில் வைத்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர், நாய் நல்லா வந்திருக்கு என்றார்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது டிவி பக்கத்தில் பாட்டிலைக் காணோம். அப்புச்சி பட்டியில் இருந்தார். வயிறு உப்பிய கன்று ஒன்றின் தலையைத் தூக்கிப் பிடித்து, என் பாட்டிலைக் கடைவாயில் சொருகி நல்லெண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தார். வரைந்த காளையின் மூஞ்சி கன்றின் எச்சிலில் பாதி போயிருந்தது.

“வா கண்ணு. நீ குடுத்த பாட்டல் வாய்க்கு நல்லா அடங்குது போ” என்றார்.

பரிசுப் பெயிண்ட் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே மதிப்புரை இது.

6. கொம்பு

காங்கயம் மாட்டுக்குப் பெயிண்டே தேவையில்லை என்பது அறிவியல். கன்று பிறக்கும்போது செந்நிறம். ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளையானால் திமிலும் முன்னுடம்பும் கறுக்கும். பைசா செலவில்லாமல் மூன்று கோட்டு. ஆனாலும் பட்டிப் பொங்கலன்று கொம்புக்கு அடித்தாக வேண்டும் என்பது வழக்கம்.

இந்த வருடம் அட்டாலியில் உயிரோடிருந்த மூன்று டப்பாக்களையும் எடுத்துப்போனேன்; மூன்றும் போன வருடம் வாங்கியவை, மூடியில் தேதி இருந்தது. மேல் ஆடையை எடுத்து எறிந்துவிட்டுக் கொட்டாங்குச்சியில் ஊற்றினோம். அப்புச்சி கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் அடிக்கொம்பில் நீலமும் நுனியில் சிவப்பும் அடித்தேன். ஈரம் காயுமுன் காளை தலையை ஒரு சிலுப்பு சிலுப்பியது. என் வேட்டியில் நீலக் கோடு விழுந்தது. அதற்கப்புறம் அது சலங்கை குலுங்க, பட்டியில் கட்டிய குட்டித் தெப்பக்குளத்தை மிதித்து ஊர்சுற்றப் போனது. அதைப் பார்த்து யாரும் நாய் என்று சொல்லவில்லை. நான் பெயிண்ட் அடித்த பொருள்களில், அடித்தபின் அந்தப் பொருளாகவே மதிக்கப்பட்டது இது ஒன்றுதான்.

கோட்பாடு இங்கே முடிந்திருக்க வேண்டும். மூன்று டப்பா, ஏழு ஜோடிக் கொம்பு, மிச்சம் பூச்சியம் என்று எழுதிக்கொள்ள நோட்டை எடுத்தேன். அப்புச்சி கொட்டாங்குச்சியைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் ரெண்டு விரல் நீலம் கிடந்தது.

“இதை எதுக்குக் கண்ணு வீணாக்கறது? தோட்டத்துக் கேட்டுல ஒரு இழு இழுத்துரு.”

இழுத்தேன். துருப்பிடித்த கேட்டில் ஒரு முழத்துக்கு மட்டும் நீலம் பளிச்சென்று நின்றது. மீதி கேட்டை அப்படியே விட்டால் பார்க்க நல்லாயிருக்குமா? இருவரும் யோசித்துவிட்டு, காங்கயம் போய் ஒரு லிட்டர் வாங்கி வந்தோம்.