கித்னா தூர், பையா?

ஜனவரியில் மணாலிக்கு மேலே சோலாங் பள்ளத்தாக்கில் வழிகாட்டியின் பின்னால் பனியில் வரிசை கட்டி நடக்கும் எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். வரும் வழியில் நம்பர் போட்ட வாடகைக் கடையில் எடுத்த, முந்தைய வாடகைக்காரரின் வியர்வை வாடை போகாத கோட்டு; ஒரு சைஸ் பெரிய ரப்பர் பூட்ஸ்; ஊரிலிருந்தே கொண்டுவந்த குரங்குக் குல்லாய். அருவித் தண்ணீர் உறைந்து பனிலிங்கமாக நிற்கும் அஞ்சனி மகாதேவ் வரை போய்த் திரும்புவதுதான் அன்றைய திட்டம். நூறு அடி தாண்டுமுன் எவ்வளவு தூரம் என்று அவர் கேட்டுவிடுவார்: "கித்னா தூர், பையா?" அவருக்குத் தெரிந்த மொத்த இந்தியும் அவ்வளவுதான். "தஸ் மினிட்" என்பான் வழிகாட்டி. அரை மணி கழித்துக் கேட்டாலும் அதே பத்து நிமிடம்தான். சோம்பேறி என்று கூட்டம் அவரைக் கிண்டலடிக்கிறது. என் கட்சி வேறு. வழிகாட்டிக்கு அடுத்தபடி அங்கே உருப்படியான ஆள் அவர்தான்.

பனியில் நடப்பவருக்குக் குளிரைவிட மோசமான எதிரி வியர்வை. வேகமாக ஏறினால் உள்பனியன் நனைகிறது. நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. அதனால்தான் மெதுவாக நடக்கச் சொல்கிறான் வழிகாட்டி. செல்ஃபி குச்சியோடு முன்னால் பாய்கிற வாலிபர்கள் கேட்டால்தானே! நம்மவரோ கேள்வி கேட்கும்போதெல்லாம் நின்றுவிடுவார். மிதிபட்ட தடம் ஒன்றுதான். விலகினால் முழங்கால் வரை புதையும். பின்னால் வருகிறவர்களும் நின்றே ஆகவேண்டும். வழிகாட்டி சொல்லி நடக்காதது இவர் மூச்சு வாங்குவதால் நடந்துவிடுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் கேட்கிற கணத்தில் மற்றவர்கள் கையுறையைச் சரிசெய்கிற சாக்கில் குல்லாயைக் காதுக்கு மேலே தூக்கிக்கொள்வார்கள். பதில் எல்லோருக்கும் வேண்டும்; கேட்கிற அவமானம் மட்டும் அவருக்கு.

வழிகாட்டி சரியான கணக்கைச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை ஏன் என்று கேட்கலாம். கணக்கு இல்லாமல் இல்லை. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இலேயே போட்டுவைத்திருக்கிறார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அது கெட்டித் தரைக்கும் பழகிய காலுக்கும் போட்ட கணக்கு. புதுப்பனியில் புதையும் பூட்ஸுக்கும், மரத்துக்கு மரம் போட்டோ எடுக்கும் தம்பதிக்கும் அதில் இடமில்லை. அப்படியானால் பத்து நிமிடம் என்பது பொய்தானே? பொய்தான். குளியலறையிலிருந்து "வந்துட்டே இருக்கேன்" என்று போனில் சொல்கிற ஊர்க்காரர்கள் அதைக் குற்றம் சொல்லக் கூடாது. உண்மை நிலவரம் சொன்னால் பாதிப் பேர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். பனியில் உட்காருவது நடப்பதைவிட ஆபத்து. குளிர்காலத்தில் சூரியன் சீக்கிரமே மலைமுகட்டுக்குப் பின்னால் போய்விடுகிறது. அப்போது "திரும்பிடலாமா?" என்று வெட்கப்படாமல் முதலில் வாய் திறப்பவரும் அவரே.

இறக்கத்தில் அவர் எதுவும் கேட்பதில்லை. பூட்ஸுக்குள் போன பனியை ஒற்றைக்காலில் நின்று உதறிக்கொண்டிருக்கும்போது, எதிரே மூச்சிரைக்க ஏறிவரும் இன்னொரு குரங்குக் குல்லாய் அவரையே கேட்கிறது: "கித்னா தூர், பையா?" அன்று காலையிலிருந்து காதில் விழுந்து பாடமாகிப்போன அடுத்த இரண்டு இந்திச் சொற்களைச் சற்றும் தயங்காமல் எடுத்துவிடுகிறார்.