குறிஞ்சித் திணையில் கூலன்ட்: ஓர் உரை

கூலன்ட் என்ற சொல்லின் வேர் பற்றி அறிஞர்கள் இரண்டு பிரிவு. கூலம் என்றால் தானியம். ஆகவே இது கஞ்சியின் திரிபு என்பது ஒரு தரப்பு. கூலி கொடுத்தால்தான் மெக்கானிக்குகள் அதை மாற்றித் தருகிறார்கள். ஆகவே கூலிதான் வேர் என்பது மறுதரப்பு. பின்னவர்கள் பில்லைப் பார்த்தவர்கள். யாம் அந்தச் சண்டைக்குப் போகவில்லை.

ஆய்வுக்களம் மாட்டுப்பட்டி. மூணாறிலிருந்து 13 கிலோமீட்டர், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1700 மீட்டர். பட்டி என்றால் தொழு. மலையாளத்தில் பட்டி நாயாகிவிடும். அதனால்தானோ என்னவோ அவர்கள் மாட்டுப்பெட்டி என்கிறார்கள். மாடு, நாய் இரண்டையும் வாசகர் நினைவில் வைக்க வேண்டும், பின்னால் தேவைப்படும்.

நிலம் குறிஞ்சி. சிறுபொழுது யாமம். சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இந்த உயரத்தில் ஏறக்குறைய 94-லேயே கொதித்துவிடும். சோறு வேக நேரமாகிறது என்று மலையில் அலுத்துக்கொள்வது இதனால்தான். மூணாறுக்கு வரும் வழியில், போடிமெட்டு வளைவுகளில் இரண்டாம் கியரிலேயே ஏறிவரும் பைக்கின் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால், அதுவும் உலைதான். ஜனவரி விடியலில் கதை தலைகீழ்: புல்மேல் உறைபனி. இரண்டுக்கும் மருந்துதான் கூலன்ட்: தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்தால் சமவெளியில் 107, 108 வரை கொதிக்காது. மூடியின் அழுத்தம் அதை இன்னும் மேலே தள்ளும். உறைவதற்கோ சுழியத்துக்குக் கீழே முப்பது டிகிரியையும் தாண்ட வேண்டும். குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல் என்று இலக்கணம் சொன்னது இந்தக் கலப்பைத்தான் என்று துணிகிறோம். கேஸ்கெட் போனால் பாலை.

கிளைக்காலை 1850-களில் முதன்முதலில் தயாரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ். நம் ஊர் பைக்குக்கு அது வர வெகுகாலம் ஆயிற்று. புல்லட்டும் ஆர்.எக்ஸ். 100-ம் காற்றையே நம்பி வாழ்ந்தவை. 2008-இல் ஆர்15 வந்த பிறகுதான் பைக்காரர் பலருக்கும் ரேடியேட்டர் பழக்கமாயிற்று.

எப்போது மாற்றுவது? துருத்தடுப்பு மருந்து வலுவிழந்து திரவம் புளிக்கத் தொடங்குமுன், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது கையேட்டுக் கட்சி. நீலக்குறிஞ்சி பூக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறது குறிஞ்சிக் கட்சி. 2018-இல் மாற்றியவர்கள் 2030-க்குக் காத்திருக்கிறார்கள். ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஊற்றும் ஜீப்காரர்கள் மூன்றாம் கட்சி. அவர்களை வாதத்தில் வெல்ல முடியாது, ஜீப் ஓடுகிறது.

இனி செய்முறை. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஒருமுறை சூட்டோடு மூடியைத் திறந்து, அந்த ஞானத்தைச் சட்டையில் வாங்கியவர்கள் யாம். வாட்டர் பம்ப் அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி, பிறகு மேல்மூடியைத் திறந்தால் திரவம் பீறிட்டு வரும். பச்சையாகப் போனது ரசமண்டி நிறத்தில் வந்தது. போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு முடுக்கி, டிஸ்டில்டு வாட்டர் கலந்த புதியதை மெதுவாக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் ஏர்லாக். ஹோஸைப் பிசைந்து, வண்டியை இப்படியும் அப்படியும் சாய்த்து, பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டுவது போலக் காத்திருந்தோம். குளுக் என்று ஒரு குமிழி வந்தது. மட்டம் இரண்டு விரல் இறங்கியது. மறுபடி ஊற்றினோம்.

அப்போதுதான் பின்னால் மூச்சுச் சத்தம். 1963-இல் தொடங்கிய இந்திய-சுவிஸ் கால்நடைத் திட்டம் இவ்வூரில் சுவிஸ் காளைகளைக் கொண்டு கலப்பினம் வளர்த்தது. சுனந்தினி என்ற இனமே அப்படி உருவானதுதான். அந்தப் பரம்பரையில் வந்ததாகத் தோன்றிய பசு ஒன்று, பழைய கூலன்ட் இருந்த தட்டை நோக்கி நாக்கை நீட்டியபடி நின்றது. கிளைக்கால் இனிக்கும். சிறுநீரகத்தையும் அழிக்கும். மாட்டுக்கும் நாய்க்கும் முதல் பாதிதான் தெரியும். யாம் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வண்டியைச் சுற்றி மூன்று வட்டம் வந்தோம், பசுவும் வந்தது. எதிரே போன ஜீப்பிலிருந்தவர், “என்னண்ணே, பிரசாதமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு ஊறுகாய் பாட்டிலில் அடைத்து, ‘விஷம்’ என்று எழுதி ஒட்டினோம். மலையாளத்திலும் அதே சொல்தான், எழுத்து மட்டும் வேறு, இரண்டிலும் எழுதினோம். வாசிக்கத் தெரியாதவர்களைக் கருதி, பாட்டிலைப் பூட்டுள்ள அலமாரியில் வைத்திருக்கிறோம்.